ஓயாத அரிப்பு, ஆறாத காது: எங்கள் லாப்ரடாருக்கு ஏற்ற மருத்துவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லாப்ரடார் சீனுவுக்கு ஐந்து வயது முடிந்திருக்கிறது. எடை 36 கிலோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையின்போது, முன்னங்கால் பாதங்களை ஓயாமல் நக்கத் தொடங்கினான். பிறகு அக்குள், அடிவயிறு, காது என்று அரிப்பு பரவியது. குறையும், கூடும், முழுவதுமாக நின்ற நாள் இல்லை. காதுக்குள் பழுப்பு நிறத்தில் அழுக்கு சேர்கிறது. கிட்டே போனால் இரண்டு நாள் புளித்த தோசை மாவின் வாடை அடிக்கிறது. நள்ளிரவு தாண்டி அவன் காதைச் சொறியும்போது கழுத்துப்பட்டையின் வில்லை கிலுகிலுவென்று ஒலிப்பதும், பின்னங்கால் தரையில் தொம் தொம்மென்று இடிப்பதும் கேட்டுக் கேட்டு, வீட்டில் யாருக்கும் ஒழுங்கான தூக்கம் இல்லை.

இதுவரை நான்கு பேரிடம் காட்டிவிட்டோம். முதலாமவர் உண்ணிக் கடி என்று சொல்லி ஊசி போட்டார். மூன்று வாரம் நன்றாக இருந்தான், பிறகு பழைய கதை. இரண்டாமவர் பூஞ்சை என்று மாத்திரையும் ஷாம்பூவும் கொடுத்தார். மூன்றாமவர் வீட்டுக்கே பைக்கில் வந்து ஊசி போடுபவர். என்ன மருந்து என்று கேட்டால் "அலர்ஜிக்குத்தான் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவருடைய ஊசிக்குத்தான் உடனடிப் பலன் கிடைத்தது என்பதால், கடந்த ஓராண்டில் ஆறு முறை அவரையே அழைத்தோம். கடைசி ஊசி போட்டுப் பதினைந்து நாள்கள் ஆகின்றன. நான்காமவர் பிரெட்னிசோலோன் 20 மி.கி. மாத்திரையை நாளுக்கு ஒன்று கொடுக்கச் சொன்னார். பத்து நாள்களாகக் கொடுத்து வருகிறோம். இப்போது அவன் குடிக்கும் தண்ணீருக்கு அளவே இல்லை. வாளியைக் காலி செய்கிறான். ஒருநாளும் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காதவன் கூடத்திலேயே கழித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். வயிறு தொங்கத் தொடங்கியிருக்கிறது. பயந்துபோய் நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

உணவு பெரும்பாலும் கோழியும் சோறும், இரவில் தயிர்ச்சோறு. ஞாயிறுதோறும் தாமிரபரணியில் நீந்த விடுவோம். அது ஒன்றுதான் அவனுக்கு மகிழ்ச்சி.

என் கேள்வி இதுதான். நல்ல மருத்துவர் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டிவிட்டால் இதற்கு ஒரு முடிவு தெரியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், மதுரை

வணக்கம். மற்றவற்றுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. ஓராண்டில் ஆறு ஊசி, அதன்மேல் தினமும் மாத்திரை என்று வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், உடலில் அதைச் சுரக்க வேண்டிய அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். அதை எழுப்பாமல் மருந்தைச் சட்டென்று வெட்டினால் நாய் சோர்ந்து விழலாம்; வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும். எந்தக் கணக்கில் குறைப்பது என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை வலிக்கு என்று மெலோக்சிகாம் போன்ற எதையும் உடன் கொடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் புண் வரலாம்.

தண்ணீர் தாகமும், அடக்க முடியாத சிறுநீரும், தொங்கும் வயிறும் ஸ்டீராய்டின் முகங்கள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, திட்டாதீர்கள். ஆனால் ஸ்டீராய்டு வாங்கும் நாய்க்குச் சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தாலும் வெளியில் தெரியாமல் போவது உண்டு. ஆகவே சிறுநீரையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி மருத்துவர் விஷயம். நேரில் காணாத நாய்க்கு நான் நோய்ப்பெயர் சூட்டப் போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான்கு பேரில் எவராவது தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்ததாகவோ, ஓட்டோஸ்கோப் வைத்துக் காதுக்குள் பார்த்ததாகவோ ஒரு வரிகூட இல்லை. அரிப்பு என்பது நோயே அல்ல, அறிகுறி. டெமோடெக்ஸ் என்னும் நுண்பேன் மயிர்க்கால்களில் பெருகினால் தோலை இரத்தம் கசியும் அளவுக்கு ஆழமாகச் சுரண்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த நாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் இன்னும் கொழுக்கும். வேறொரு நுண்பேனால் வரும் சார்கோப்டிக் சொறியோ சுரண்டிப் பார்த்தாலும் பல நேரம் அகப்படாது; அதனால் சந்தேகம் இருந்தாலே அதற்குரிய மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். நீங்கள் சொன்ன புளித்த மாவு வாடை மலசீசியா என்னும் ஈஸ்ட் பெருகிவிட்டதற்குரிய வாடையாக இருக்கலாம். ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகும் காரணம் பிடிபடாவிட்டால்தான் உணவு ஒவ்வாமையா, காற்றிலும் தூசியிலும் வரும் ஒவ்வாமையா என்ற நீண்ட விசாரணைக்குப் போக வேண்டும்.

எனவே என் முதல் அளவுகோல், ஊசியை எடுப்பதற்கு முன் மைக்ராஸ்கோப்பை எடுப்பவரா என்பது. இரண்டாவது, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதைப் பதிவு எண் அச்சிட்ட சீட்டில் எழுதித் தருபவரா என்பது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பி.வி.எஸ்சி. பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவர்தான் மருத்துவம் பார்க்கலாம். பைக்கில் வந்து, மருந்தின் பெயரைச் சொல்ல மறுப்பவர் பதிவு பெற்றவர்தானா என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை என்று நினைக்கிறேன். கேளுங்கள். குறைந்தபட்சம் அந்த ஆறு ஊசிகளின் பெயர்களையாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஊசியில் வாரக்கணக்கில் உடலில் தங்கும் ஸ்டீராய்டுகள் உண்டு, அடுத்து பார்ப்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். தைராய்டு சோதனையைக்கூட இப்போது செய்தால் ஸ்டீராய்டின் தயவால் அளவு குறைவாகக் காட்டி, இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வைத்துவிடும்.

வேப்பேரிக் கல்லூரி 1903-இல் தொடங்கிய பழைமையான நிறுவனம். அதன் மருத்துவமனைமேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு, நானே அங்கு படித்தவன். ஆனால் 600 கிலோமீட்டருக்கு மேல் நாயை ஏற்றிக்கொண்டு போய் ஒருமுறை காட்டிவிட்டு வந்தால் உங்கள் பட்டியலில் ஐந்தாவது பெயர் சேரும், அவ்வளவுதான். இந்த நோய் ஒரே வருகையில் பிடிபடுகிற நோய் அல்ல. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே! அங்குள்ள மருத்துவமனையில் மருத்துவவியல் பிரிவைக் கேட்டுப் போங்கள். தோல் நோய்கள் அதில்தான் வரும். காலையிலேயே போய்விடுங்கள். போவதற்கு முன் குளிப்பாட்டாதீர்கள், காதைத் துடைக்காதீர்கள். நாயைச் சுத்தமாகக் கொண்டுபோகிறேன் என்று தடயத்தை எல்லாம் கழுவிவிட்டு வருபவர்களை நான் முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, அந்த ஆறு. காதுக்குள் ஈரம் தங்கினால் ஈஸ்ட்டுக்கு அதைவிட வசதி வேறில்லை, அதிலும் லாப்ரடாரின் காது மடங்கித் தொங்குவது. சோதனை முடியும்வரை தாமிரபரணி வேண்டாம்.

மறுமொழி: நாகர்கோவிலிலிருந்து ஒருவர்

அண்ணாச்சி, வணக்கம். நான் மருத்துவர் இல்லை. உங்கள் நிலைமையில் மூன்று ஆண்டுகள் கிடந்து எழுந்தவள். எங்கள் வீட்டு நாட்டு நாய் மணிக்கும் இதே அரிப்புத்தான். டாக்டர் ஐயா எழுதியதற்கு மேல் மருத்துவம் பேச எனக்குத் தகுதி இல்லை என்றாலும், மருத்துவரைத் தேடிய விதத்தில் நான் செய்த தவறு உங்களிடமும் தெரிகிறது. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் ஆறு பேரிடம் அலைந்தேன். ஒவ்வொருவரிடமும் இரண்டு முறைக்குமேல் போனதில்லை. மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில், அரிப்பு குறைந்திருந்தால் "இப்போது எதற்கு" என்று போக மாட்டேன். கூடியிருந்தால் "இவருக்குத் தெரியவில்லை" என்று வேறொருவரிடம் போவேன். ஆக ஆறு பேரும் முதல் நாள் நோயாளியைத்தான் பார்த்தார்கள். முதல் நாள் செய்யும் வைத்தியத்தையே ஆறு முறை வாங்கிக்கொண்டு, ஆறு பேரையும் ஊரெல்லாம் குறை சொல்லித் திரிந்தேன். கடைசியாக ஓர் அரசு கால்நடை மருத்துவமனையில், அதாவது நம்முடைய ஊர்ப் பேச்சில் மாட்டாஸ்பத்திரியில், ஓர் இளம் பெண் மருத்துவர் கேட்டார்: "அக்கா, இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டெல்லாம் எங்கே?" என்னிடம் ஒன்றுகூட இல்லை. அவர் மணியைத் தொடாமல் என் கையில் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் இரண்டு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் காத்துக்கொண்டிருந்தன. அவ்வளவு நெருக்கடியிலும் கேட்டாரே, அன்று முடிவு செய்தேன், இனி இவர்தான் என்று.

அதன்பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் இரவு ஒரு வரி: அரிப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண், அன்று தின்றது, கொடுத்த மருந்து. வாரம் ஒருமுறை அதே இடத்தை அதே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டியவர், கோழி போட்ட நாள்களுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து மதிப்பெண் ஏறுவதைப் பார்த்து உணவுச் சோதனையைத் தொடங்கச் சொன்னார். எட்டு வாரம், மணி அதுவரை வாயில் வைத்தே இராத பன்றி இறைச்சியும், வேகவைத்து நீர் வடித்த மரவள்ளிக்கிழங்கும் மட்டும். கோழி, முட்டை, பால், தயிர் எதுவும் கூடாது. உணவு ஒவ்வாமையை உறுதியாகச் சொல்லும் இரத்தப் பரிசோதனை கிடையாது, வயிறுதான் பரிசோதனைக்கூடம் என்றார்.

ஐந்தாவது வாரம் வரை ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, என் மாமியார் காலைக் காப்பிக்குத் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டில் பாதியைப் படிக்கட்டின் கீழே வைத்து ஊட்டிக்கொண்டிருந்தது. "பச்சை மண்ணுக்குப் பாதி பிஸ்கட்டில் என்ன வந்துவிடும்" என்றார்கள். கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போய், அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். சுவை சேர்த்த பூச்சி மாத்திரைகூட இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மறுமொழி: சேலத்திலிருந்து ஒருவர்

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று புரியவில்லை. எங்கள் பக்கத்தில் சொறி நாய்க்குப் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவி வெயிலில் கட்டிவிடுவார்கள். ஒரு வாரத்தில் உரோமம் முளைத்துவிடும். அதற்கு மனம் இல்லையென்றால் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசிப் பாருங்கள். கைவைத்தியத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், மதுரை

சேலத்து நண்பருக்கு: எஞ்சின் ஆயிலை நாய் நக்காமல் இருக்காது. நக்கினால் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். தடவி வெயிலிலும் கட்டினால் தோல் வெந்துபோகும். அப்படி வெந்து வந்த நாய்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். வேப்பெண்ணெயும் மஞ்சளும் அவ்வளவு கேடு செய்யாது என்றாலும், சோதனைக்குப் போகும் முன் பூசினால் டேப்பில் எண்ணெய்தான் ஒட்டும்.

நாகர்கோவில் சகோதரி எழுதியது நான் எழுதியதைவிடப் பயனுள்ளது. மருத்துவர் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். "இது என் கைக்கு மீறியது, இன்னாரிடம் போங்கள்" என்று கடிதம் எழுதித் தருபவரை விட்டுவிடாதீர்கள். அப்படிச் சொல்ல எங்கள் தொழிலில் பலருக்கு மனம் வருவதில்லை; எனக்கே வேலையில் சேர்ந்து பத்தாண்டு கழித்துத்தான் வந்தது.

மறுமொழி: கேள்வி கேட்டவர், பாளையங்கோட்டை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று மாதம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். நடந்ததை முழுவதும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பைக்கில் வருபவரிடம் பதிவு எண்ணைக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. ஊசியின் பெயரும் கிடைக்கவில்லை. குப்பையில் கிடந்த ஒரு காலி மருந்துக் குப்பியை என் மகள் எடுத்து வைத்திருந்ததால், அது ட்ரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு என்று தெரிந்தது.

லாப்ரடாரை ஏற்ற ஆட்டோக்காரர்கள் மறுத்துவிட்டதால் லோடு ஆட்டோ பிடித்து இராமையன்பட்டிக்குப் போனோம். டேப் சோதனையில் ஈஸ்ட் மண்டிக் கிடந்தது. ஆழமாகச் சுரண்டிப் பார்த்ததில் டெமோடெக்ஸ் இல்லை. செவிப்பறை கிழியாமல் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் காதுக்குச் சொட்டு மருந்து எழுதினார்கள். அதைப் பார்க்காமலே இதற்குமுன் மூன்று வகைச் சொட்டு மருந்துகளை ஊற்றியிருக்கிறோம் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. சிறுநீரில் தொற்றும் இருந்தது. மதுரை ஐயா சொல்லியிராவிட்டால் அதைக் கேட்கவே எனக்குத் தோன்றியிருக்காது. பிரெட்னிசோலோனை ஐந்து வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறை தேய்த்து, அலசுமுன் பத்து நிமிடம் ஊற விடச் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடம் 36 கிலோ லாப்ரடாரைக் குளியலறையில் பிடித்து வைத்திருப்பது எளிதன்று. சோப்பு நுரையோடு கூடத்தில் ஓடி, இரண்டு முறை வீட்டையே கழுவ வைத்தான்.

உணவுச் சோதனையும் செய்தோம். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பதால் அதுவே அவனுக்குப் புதிய உணவாயிற்று. சாளை மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் எட்டு வாரம். தெருவே மணத்தது. என் தாயாரை மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்ன பிறகு பிஸ்கட் டப்பா பீரோவுக்குள் போய்விட்டது. ஆனால் எட்டு வாரத்துக்குப் பிறகும் அரிப்பு ஈஸ்ட் குறைந்த அளவுக்குத்தான் குறைந்திருந்ததே தவிர, அதற்கு மேல் இல்லை. மறுபடி கோழியைக் கொடுத்தபோதும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. இவ்வளவு பாடும் வீணா என்று கேட்டேன். வீணில்லை, கோழியையும் தயிரையும் நிம்மதியாகக் கொடுக்கலாம் என்று இப்போதுதான் உறுதியாயிற்று என்றார்கள். காற்றிலும் தூசியிலும் வரும் ஒவ்வாமையாகவே இருக்க வேண்டும், முழுவதுமாகக் குணமாகாது, அடக்கி வைக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஸ்டீராய்டு அல்லாமல் அரிப்பை அடக்கும் ஓக்லாசிட்டினிப் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்கள். விலைதான் கையைக் கடிக்கிறது. ஆனால் தண்ணீர்த் தாகம் இல்லை, கூடம் ஈரமாவதில்லை. நோட்டின்படி அரிப்பு எட்டிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே மருத்துவரையே பார்க்கிறோம். அவருக்கு விடுப்பு என்றால் நாளை மாற்றிக்கொள்கிறோம்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். தாமிரபரணிக்கு அவனை மறுபடி அழைத்துப் போகலாமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிச் சாவியை எடுத்தால் கதவருகே போய் நிற்கிறான், பார்க்க முடியவில்லை. அங்குள்ள மருத்துவரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், மதுரை

அடுத்த மறுபரிசோதனையில் அவரிடமே கேளுங்கள். காதின் இப்போதைய நிலை அவருக்குத்தான் தெரியும். காது ஆறியிருந்து, அவர் சரி என்றால், மாதம் இருமுறை அழைத்துப் போங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரால் உடம்பை அலசி, அவர் எழுதித் தரும் காது கழுவும் மருந்தை விட்டு, காதின் அடிப்பகுதியைப் பிசைந்து, அவனே தலையை உதறிய பிறகு பஞ்சால் துடைத்து உலர்த்துங்கள். குச்சியில் சுற்றிய பஞ்சு வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஆறு கலங்கலாக ஓடும் மாதங்களில் மட்டும் சாவியை அவன் கண்ணில் படாமல் எடுங்கள்.